ஏழாம் மாடியில் நின்றவர்கள்

பல் டாக்டர் ஒருவர் மூன்றாம் மாடியில் பதினொரு நாளாக அடைபட்டுக் கிடந்தார். அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லியே பிழைப்பு நடத்தும் மனிதர், அன்று தொலைபேசியில் தன் வாயைத் திறந்து புலம்பிக்கொண்டிருந்தார்.

"மேடம், அந்த அறையில கதவே இல்ல. சுவர் பூரா தட்டிப் பாத்துட்டேன். என் வீட்டம்மா என்னோட பேசறதையே நிறுத்திட்டா."

"அதை அப்புறம் பாப்போம் சார். அறையில வெளிச்சம் எந்தப் பக்கத்துலேருந்து வருது?"

"ஜன்னல்லேருந்து."

"எங்க போய் விழுது?"

"தரையில. எதிர்ல ஒரு மூலை மட்டும் ஒரே இருட்டு."

"பையில என்னென்ன வெச்சிருக்கீங்க? அவசரப்படாம ஒண்ணொண்ணா சொல்லுங்க."

"ஸ்பேனர், கொஞ்சம் கயிறு, ஒரு ரொட்டி, சவரக் கண்ணாடி..."

பேச்சு அங்கேயே நின்றது. பிறகு "அடச்சே!" என்று ஒரு குரல். அடுத்த கணம் தொலைபேசி வைக்கப்பட்டுவிட்டது. நன்றிகூடச் சொல்லவில்லை.

மறுமுனையில் இருந்த அக்கா நோட்டுப் புத்தகத்தில் 'பல் டாக்டர், மூன்றாம் மாடி' என்று எழுதிப் பக்கத்தில் ஒரு டிக் அடித்தார். அவருக்கு நன்றியெல்லாம் வேண்டாம். அந்த 'அடச்சே' போதும். தானாகக் கண்டுபிடித்தவர் வாயிலிருந்துதான் அந்தச் சத்தம் வரும் என்பார். விடையைக் கையில் கொடுத்திருந்தால் 'ஓகோ, அப்படியா' என்றுதான் வந்திருக்கும். 'ஓகோ'வுக்கு அவர் நோட்டில் டிக் கிடையாது.

டயர் கடை ஒன்றின் மேலே இருந்த இரண்டு அறைகளில் பதினொரு பேர் சேர்ந்து ஒரு கணினி விளையாட்டைச் செய்து விற்றுக்கொண்டிருந்தார்கள். பெயர் 'ஒன்பது மாடி'. அதில் சுடவும் வேண்டாம், குதிக்கவும் வேண்டாம். திரையில் ஒரு பழைய ஓட்டல். பழுதான லிஃப்டைச் சரிசெய்ய வந்த மெக்கானிக்தான் கதாநாயகர். எதன்மேல் சந்தேகமோ அதன்மேல் மவுஸின் அம்புக்குறியை வைத்து அழுத்த வேண்டும். இழுப்பறை திறக்கும், சாவி கிடைக்கும், வரவேற்பறைப் பெண் கூசாமல் பொய் சொல்வாள். கிடைப்பதையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு, எதை எங்கே பயன்படுத்தலாம் என்று மண்டையை உடைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாடியாக ஏற வேண்டும். உச்சிக்குப் போக ஒரு வாரமும் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். இணையம் வீடுகளுக்குள் வந்திராத காலம். வழியில் சிக்கிக்கொண்டவர்களுக்கு ஒரே கதி, விளையாட்டுப் பெட்டியின் பின்பக்கம் அச்சிட்டிருந்த தொலைபேசி எண்தான். அந்த எண்ணில் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை அக்கா இருப்பார். 'துப்பு கொடுக்கிற அக்கா' என்று யாரோ ஆரம்பித்து வைத்தார்கள். ஒரே மாதத்தில் அது 'துப்பு அக்கா' ஆகி, அலுவலகத்திலும் நிலைத்துவிட்டது.

அதற்கு முன் பத்தொன்பது வருடம் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர் அவர். அடித்தளத்தில், ஜன்னலில்லாத அறையில் வேலை. வார்டுகளுக்குள் அவர் கால் வைத்ததே இல்லை. ஆனாலும் வழி தெரியாமல் உள்ளேயிருந்து கூப்பிடுபவர்களை அவர்தான் கரைசேர்ப்பார். "எதிர்ல என்ன தெரியுது? பச்சைக் கதவா? அப்ப அதுக்கு முதுகைக் காட்டி நில்லுங்க." இப்படித்தான். பத்தொன்பது வருடம் அந்தக் கட்டடத்தைக் காதால் பார்த்தார். பிறகு அழைப்புகளைத் தானே இணைக்கும் தானியங்கி இணைப்பகம் வந்தது. வாழ்த்து அட்டை ஒன்றும் சுவர்க் கடிகாரம் ஒன்றும் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

விளையாட்டு நிறுவன முதலாளி அவரிடம் நடத்திய நேர்காணல் ஒரு நிமிடம்கூட நீளவில்லை.

"கம்ப்யூட்டர் தெரியுமாக்கா?"

"தெரியாது."

"இந்த மாதிரி விளையாட்டு?"

"தெரியாது."

"அப்ப என்னதான் தெரியும்?"

"போன்ல பதறறவங்களைப் பதறாம பேச வெக்கத் தெரியும்."

முதலாளி சிரித்துவிட்டார். முழு விளையாட்டுக்கும் விடை எழுதிய அறுபது பக்கப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்து, மனப்பாடம் பண்ணச் சொன்னார். அக்கா இரண்டு பக்கம் படித்தார், மூடினார், மேசையின் கடைசி இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். "வழி தெரிஞ்சுட்டா நான் முன்னாடி ஓடிருவேன் சார். கூப்பிடறவங்க பின்னாடி மூச்சு வாங்கிட்டு நிப்பாங்க" என்றார். முதலாளிக்குப் புரியவில்லை. ஆனால் முதல் வாரத்தில் அழைத்த எவரும் குறைசொல்லவில்லை என்பதால் விட்டுவிட்டார்.

ஆக, விளையாட்டை ஒருமுறைகூட ஆடாத, திரையில் ஏறிட்டும் பார்க்காத ஒருவர் அதற்குத் துப்பு சொல்லிக்கொண்டிருந்தார். யாராவது கணினியில் அதைத் திறந்தால் அக்கா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வார். அழைப்பவர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டுப் பழுப்புத் தாளில் பென்சிலால் ஒரு படம் வரைந்து வந்தார். எந்த மாடியில் எந்தக் கதவு, எந்த அலமாரி, முன்னேறிப் போனவர்கள் எதைக் கொண்டு எதைத் திறந்ததாகப் பீற்றிக்கொண்டார்கள் என்பதெல்லாம் அதில் இருந்தது. ஓட்டலை வரைந்த ஓவியர் ஒருநாள் அந்தத் தாளைப் பார்த்து வாயடைத்துப் போனார்.

"அக்கா, இது நான் வரைஞ்சதேதான். படிக்கட்டு திரும்பற இடம்கூடச் சரியா இருக்கு."

"நீங்க நல்லா வரைஞ்சிருக்கீங்க, அதான் ஜனங்களுக்கு நல்லா சொல்ல வருது" என்றார் அக்கா.

வீட்டில் அவர் கணவருக்கு இது பெரிய வேடிக்கை. பேருந்து ஓட்டுநர் அவர். "நான் ரோட்டைப் பாத்து ஓட்டறேன். நீ பாக்காமலே ஓட்டற. உனக்குத்தான்மா லைசென்ஸ் குடுக்கணும்" என்பார். அக்கா சலித்துக்கொள்வது போலப் பாவனை செய்வார். ஆனால் அதை அடுத்த நாள் அலுவலகத்தில் நாலு பேரிடம் சொல்லாமல் இருந்ததில்லை.

தொந்தரவு இரண்டாவது மாதத்தில் ஆரம்பித்தது. ஏழாம் மாடியில்.

அங்கே ஒரு ஜன்னல் விளிம்பில் புறா ஒன்று உட்கார்ந்திருக்கும். அதன் காலில் ஒரு பித்தளைச் சாவி. பையில் இருக்கும் ரொட்டியைப் பிய்த்து விளிம்பில் வைத்தால் புறா கிட்டே வரும், சாவி கிடைக்கும். தாண்டிப் போனவர்கள் எல்லாரும் அப்படித்தான் தாண்டியிருந்தார்கள். ஆனால் சிலர் பையில் ரொட்டி இல்லை. எங்கே போயிற்று என்று கேட்டால் "எப்பவோ தீந்துபோச்சு போல மேடம்" என்றார்கள். திரும்பிப் போய் எடுக்கவும் முடியாது. ரொட்டி இருப்பது கீழ்த்தளச் சமையலறையில். நான்காம் மாடியில் லிஃப்டின் ஃபியூஸ் எரிந்துபோவதாகக் கதை. அதன்பிறகு லிஃப்ட் மேலே மட்டும்தான் போகும், படிக்கட்டுக் கதவும் திறக்காது.

இந்த அழைப்புகளின் முடிவில் 'அடச்சே' வரவில்லை. வேறொன்று வந்தது. "சரி மேடம், எனக்குத்தான் அறிவு பத்தலை போலிருக்கு." ஒருவர் இல்லை, இருவர் இல்லை. நோட்டில் டிக்குக்குப் பதில் சிவப்பு வட்டங்கள் கூடிக்கொண்டே போயின. ஆஸ்பத்திரியில் எத்தனையோ அழுகையைக் கேட்டுத் தழும்பேறிய காது அக்காவுடையது. ஆனால் இந்த ஒற்றை வாக்கியம் அதில் முள்ளாகத் தைத்தது.

அதிலும் ஒரு தையல்காரப் பெண் இருந்தார். தன் தம்பியின் கடைக் கணினியில், மதிய இடைவேளையில் மட்டும் ஆடுபவர். செவ்வாய்தோறும் அழைப்பார். ஏழு வாரமாக ஏழாம் மாடியில் நின்றுகொண்டிருந்தார்.

"என் தம்பி மூணே வாரத்துல முடிச்சுட்டான் மேடம். 'உனக்கு ஊசி நூல்தான் லாயக்கு'ங்கறான். நிஜம்தான் போல."

"அவன் கிடக்கறான். வாய் இருக்குன்னு பேசறான். இன்னொரு தடவை பாப்போங்க."

நிரல் எழுதியவரிடம் போய்க் கேட்டார் அக்கா. அவருக்கு அலுவலகத்தில் 'மௌனி' என்று பெயர். ஒரு நாளைக்கு இருபது வார்த்தைக்கு மேல் செலவழிக்க மாட்டார். "வாய்ப்பே இல்லக்கா. ரொட்டி காணாமப் போகாது" என்றதோடு அன்றைய கணக்கில் கால்வாசி தீர்ந்தது.

விஷயம் முற்றியது அந்த வாரத்தில்தான். விளையாட்டின் புதிய பதிப்பு வரவிருந்தது. முதல் பதிப்பு ஐந்து ஃபிளாப்பிகளில் வந்த ஊமைப் படம். புதியது ஒரே சிடியில், குரல்களோடு. நாற்பதாயிரம் தட்டு. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு மூலத் தட்டை வாங்கிப்போகத் தொழிற்சாலை வேன் வரும். தவறவிட்டால் அடுத்த முறை வர ஆறு வாரம், பள்ளி விடுமுறையே முடிந்துவிடும். ஒருமுறை அச்சானால் அச்சானதுதான், பிறகு தலைகீழாக நின்றாலும் ஓர் எழுத்தை மாற்ற முடியாது. நாற்பதாயிரத்தில் எத்தனை பேர் ஏழாம் மாடியில் நின்று தங்களையே திட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று அக்கா நோட்டின் ஓரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை தையல்காரப் பெண் அழைத்தபோது அவர் வழக்கமான கேள்விகளை ஒதுக்கி வைத்தார்.

"இன்னிக்குத் துப்பு வேணாங்க. சும்மா பேசுவோம். இந்த விளையாட்டுல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது?"

"நாய்தான் மேடம்." யோசிக்கவேயில்லை அந்தப் பெண். "ரெண்டாம் மாடியில படுத்திருக்குமே, எலும்பும் தோலுமா. அது வாலாட்டும்போது எனக்குச் சிரிப்பு தாங்காது."

அக்கா பென்சிலைக் கீழே வைத்தார். அவர் வரைபடத்தில் இரண்டாம் மாடியில் நாய் இருந்தது. 'தூங்குகிறது' என்று எழுதியிருந்தார். முடித்தவர்கள் அத்தனை பேரும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். அது வாலாட்டியதாக அவர்களில் ஒருவர்கூடச் சொன்னதில்லை. நோட்டைப் புரட்டினார். வாலாட்டியதைச் சொன்னவர்கள் நான்கு பேர். நாலு பேர் பெயருக்குப் பக்கத்திலும் சிவப்பு வட்டம்.

"அது எப்பங்க வாலாட்டுச்சு?"

"ரொட்டி போட்டேன்ல, அப்ப. பாவம் மேடம், பசியில கிடந்துச்சு. யாருக்குத்தான் மனசு கேக்கும்?"

அன்று மாலையே மௌனியின் மேசைக்கு முன்னால் போய் நின்றார். விளையாட்டுக்குக் கதையும் வசனமும் எழுதியவர் பக்கத்து மேசையில் இருந்தார். நாய் என்றதும் முகம் மலர்ந்தது. அது கடைசி நேரத்தில் அவர் ஆசைப்பட்டுச் சேர்த்த நகைச்சுவை. மௌனி ஒன்றும் சொல்லாமல் விளையாட்டைத் திறந்தார். அக்கா வழக்கப்படி முதுகைக் காட்டி நின்றுகொண்டார். நாய்க்கு ரொட்டி போட்டாயிற்று. வாலாட்டியது. பிறகு விசைப்பலகையில் ஒரு விசையைத் தட்டினார் மௌனி. நேராக ஏழாம் மாடி.

"இருக்கு" என்றார்.

"என்ன இருக்கு?"

"பையில ரொட்டி. நாய்க்குப் போட்ட அப்புறமும் இருக்கு."

கதாசிரியர் எட்டிப் பார்த்து, ஆமாம் என்றார். அக்காவுக்கு ஒன்றும் ஓடவில்லை. புதன்கிழமை முழுவதும் தொலைபேசிக்குப் பதில் சொன்னபடியே அதையே அசைபோட்டார். சாயங்காலம் வீட்டில் கணவர் ஷூவைக் கழற்றிக்கொண்டே பேசியதில்தான் பொறி தட்டியது. "இன்னிக்கு ஒரு ஆபீசர் வந்து எங்க ரூட் சரியா இருக்குன்னு எழுதிட்டுப் போனாரு. பஸ்ல ஏறவே இல்ல. கார்லயே கடைசி ஸ்டாப்புக்கு வந்துட்டாரு."

அக்கா எழுந்து நின்றுவிட்டார். "ஏங்க, அவங்களும் பஸ்ல ஏறலீங்க!"

"எவங்க?" என்றார் கணவர் ஒன்றும் புரியாமல்.

வியாழன் காலை முதலாளியின் அறையில் அக்கா ஒற்றைக்காலில் நின்றார். "ஒரு விசையைத் தட்டி மேல போயிடறாங்க சார். படியேறி வர்றவங்க கதை வேற. யாராவது ஒருத்தர் கீழேருந்து, அந்த விசையைத் தொடாம, நாய்க்கு ரொட்டி போட்டுட்டு வரணும்."

"முழுசா ஆட ஒரு நாள் ஆகும்க்கா. இன்னிக்கு யார் கையும் சும்மா இல்ல."

"என் கை சும்மாதான் இருக்கு. போனை ஒரு நாள் கதாசிரியர் எடுக்கட்டும்."

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க ஆட மாட்டேன்னு சபதம் போட்டவங்களாச்சே?"

"சபதம் என்ன பெரிய சபதம். ஜனங்க தன்னைத்தானே முட்டாள்னு சொல்லிக்கறதை என்னால இன்னொரு வாரம் கேக்க முடியாது சார்."

வாயால் அப்படிச் சொல்லிவிட்டாரே தவிர, கணினி முன் உட்கார்ந்தபோது அக்கா மவுஸைத் தொடத் தயங்கினார். பார்க்காமல் இருந்ததுதான் அவருடைய வித்தை. பார்த்த பிறகு பார்க்காதவரைப் போலக் கேட்க வருமா என்று அவருக்கே தெரியவில்லை. மவுஸைப் பிடித்தார். அம்புக்குறி எதிர்ப்பக்கம் ஓடியது. தள்ளிக்கொண்டே போனதில் மவுஸ் மேசை விளிம்புக்கு வந்துவிட்டது.

"மேசை முடிஞ்சுபோச்சே, இனி எங்க போறது?"

"தூக்கி வைங்க" என்றார் மௌனி.

அக்கா மவுஸைத் தூக்கித் திரையின்மேல் வைத்தார். அறையே வெடித்துச் சிரித்தது. மௌனிகூடப் பல்லைக் காட்டினார். அவருக்குப் பல் இருப்பதே அன்றுதான் பலருக்குத் தெரியும்.

பிறகு வரவேற்பறை திரையில் விரிந்தது. அக்கா மவுஸை அசைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். இடதுபக்கம் படிக்கட்டு, முள் இல்லாத கடிகாரம், மணி வைத்த மேசை. எல்லாம் தாளில் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆனால் கண்ணாடியில் மழைநீர் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

"மழை பெய்யுதுன்னு யாருமே சொல்லலையே!"

பின்னால் நின்ற ஓவியர் ஓர் அடி முன்னால் வந்தார். "நாலு நாள் உக்காந்து வரைஞ்ச மழைக்கா அது. அதை அழுத்தினா ஒண்ணும் கிடைக்காது, அதான் யாரும் சொல்லல."

இரண்டாம் மாடிக்கு வந்தபோது பத்தரை மணி. நடைபாதையில் நாய் படுத்திருந்தது. விலா எலும்பை எண்ணலாம். ரொட்டியைப் போட்டால் மேலே சிக்கிக்கொள்வோம் என்று அந்த அறையில் நிச்சயமாக நம்பியவர் அக்கா ஒருவர்தான். போட்டார். நாய் ஒரே கடியில் விழுங்கி, வாலாட்டி, மெக்கானிக்கின் பைக்குள் மூக்கை நுழைத்தது. "ஸ்பேனர் இன்னும் வேகலைடா, விடு!" என்றார் மெக்கானிக். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துவிட்டார். மேசைமேல் இருந்த கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறினார்.

விரல் வலித்தது. ஐந்தாம் மாடியில் ஒரு குழாயைத் திறக்க ஒன்றரை மணிநேரம் திண்டாடினார். பக்கத்தறையில் போன் எடுத்துக்கொண்டிருந்த கதாசிரியர் நடுநடுவே வாசலில் வந்து நின்று, சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் கையைப் பிசைந்தார். "வாயைத் திறந்தீங்கன்னா முதல்லேருந்து ஆரம்பிப்பேன்" என்று அக்கா திரும்பிப் பார்க்காமலே மிரட்டினார். தன் வாடிக்கைக் கேள்விகளைத் தன்னிடமே முணுமுணுத்துக் கேட்டுக்கொண்டார். குழாய் திறந்தது. அக்காவின் வாயிலிருந்தே அந்த 'அடச்சே' வந்தது.

மாலை நான்கு மணிக்கு ஏழாம் மாடி. விளிம்பில் புறா. அக்கா பையைத் திறந்து காட்டினார். ஸ்பேனர், கயிறு, கண்ணாடி, குழாய் மூடி. ரொட்டி இல்லை.

நாற்காலியைவிட்டு எழுந்து மௌனிக்கு இடம் கொடுத்தார். மௌனி உட்கார்ந்து லிஃப்டைக் கீழே இறக்கப் பார்த்தார். இறங்கவில்லை. வேறு கதவுகளைத் தட்டிப் பார்த்தார். கடைசியில் கையை எடுத்துவிட்டு, அந்த வருடத்திலேயே மிக நீளமான பேச்சைப் பேசினார்.

"அந்தக் குறுக்கு விசையை நான்தான் எழுதினேன். எந்த மாடிக்குப் போனாலும் அந்த மாடிக்குத் தேவையான சாமானைப் பையில நிரப்பிடும். சோதனை பண்றவங்களுக்கு வசதியா இருக்கட்டும்னு வெச்சேன். ஆறு மாசமா நாங்க எல்லாரும் அதைத் தட்டித்தான் ஏறிட்டிருக்கோம். நாய் வந்ததுக்கப்புறம் ஒருத்தர்கூட நடந்து வரல." பிறகு, "எத்தனை பேர்க்கா?" என்று கேட்டார்.

"எங்கிட்ட கூப்பிட்டவங்க முப்பத்தொரு பேர். கூப்பிடாதவங்க எத்தனை பேரோ."

கதாசிரியர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். வழி சுலபமானதுதான். "நாய் ரொட்டியை வாங்காதுன்னு மாத்திடு. ஒரே வரி வேலை" என்றார்.

"பசியில கிடக்கற நாய் ரொட்டியை வேணாம்னு சொல்லுமா சார்?" என்றார் அக்கா. "அப்படி வெச்சீங்கன்னா, மனசு இளகிக் குடுக்க வந்தவங்களை மூஞ்சியில அடிச்சு அனுப்பற மாதிரி இருக்கும். அவங்க ஒரு தப்பும் பண்ணல."

"பின்ன என்ன பண்ணச் சொல்றீங்க? பன்னண்டு மணிக்கு வேன்."

"பாதி ரொட்டியைப் போடட்டும். பாதி பையில இருக்கட்டும். புறா எவ்வளவு தின்னப்போவுது?"

ஓவியர்தான் முதலில் அசைந்தார். "பாதி ரொட்டி வரைய எனக்கு இருபது நிமிஷம்" என்று சொல்லிவிட்டு மேசைக்கு ஓடினார். மௌனி ஏற்கெனவே தட்டத் தொடங்கியிருந்தார். ஆறு மணிக்குள் வேலை முடிந்தது.

அந்த அலுவலகத்தில் ஒரு சட்டம் உண்டு. ஓர் எழுத்து மாறினாலும் முழு விளையாட்டையும் மறுபடி ஆடிப் பார்க்காமல் வெளியே விடக்கூடாது. குறுக்கு விசை வந்த பிறகு அந்தச் சட்டம் ஒப்புக்குத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை அதை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தார்கள். கணவரின் முதல் பேருந்திலேயே வந்து, விடிந்த கையோடு ஆட உட்கார்ந்தார் அக்கா. இந்த முறை மவுஸ் மேசையைவிட்டு இறங்கவில்லை. நாய்க்குப் பாதி. பைக்குள் பாதி. பத்தே முக்காலுக்கு ஏழாம் மாடி. ரொட்டியைப் பிய்த்து விளிம்பில் வைத்தார். புறா கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது, தயங்கியது, ஒரு அடி எடுத்து வைத்தது. சாவி கையில் விழுந்தது.

கைத்தட்டல் அடங்கியதும் அக்கா எழுந்தார். "மீதி ரெண்டு மாடியை வேற யாராவது ஆடுங்க. எனக்கு வேணாம்."

"ஏன்க்கா? முடிவே அங்கதானே இருக்கு?"

"அந்த ரெண்டையாவது நான் பாக்காம வெச்சுக்கறேன். திங்கக்கிழமை போன் எடுக்கணும்ல."

கதாசிரியர் ஆடி முடித்தார். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தட்டு உறைக்குள் போனது. வேன் ஓட்டுநர் படியேறி வந்து, வாசலில் பதினொரு பேர் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்து ஏதோ விபத்து என்று பயந்துவிட்டாராம்.

அன்றுமுதல் அங்கே ஒரு புது வழக்கம் வந்தது. எந்தப் புது விளையாட்டு என்றாலும், முடியும்வரை அக்கா இருக்கும் அறையில் அதைப் பற்றி யாரும் மூச்சுவிடக் கூடாது. முடிந்தபின் கதவைத் திறந்து, "அக்கா, வந்து தொலைஞ்சு போங்க" என்று கூப்பிடுவார்கள். அவர் போய்த் தொலைவார். எங்கே தொலைந்தார் என்று மௌனி எழுதிக்கொள்வார். துப்பு எண் மூடப்பட்ட பிறகும் ஒன்பது வருடம் அவருக்கு அந்த வேலை இருந்தது. அவர் தொலைந்துபோகாத விளையாட்டு எதுவும் அந்தப் படியைவிட்டு இறங்கியதில்லை.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை, வேன் போன பிறகு, மற்றவர்கள் கேக் வெட்டிக்கொண்டிருக்கையில் அக்கா முதலாளியின் அறை வாசலில் நின்றார். நாற்பதாயிரம் பேர் தப்பித்தார்கள். முன்பே வாங்கி ஆடிக்கொண்டிருப்பவர்கள் இன்னும் அதே ஜன்னலடியில்தான் நிற்கிறார்கள். திருத்திய ஃபிளாப்பியைக் கேட்பவர்களுக்கெல்லாம் தபாலில் அனுப்ப வேண்டும் என்றார். முதலாளி மறுபேச்சுப் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் தொலைபேசி அடித்தது.

"நான்தான் மேடம். வழக்கம்போல புறா முன்னாடி."

"தெரியுங்க. இன்னிக்கு நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க." அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டார். "அங்கேருந்து போக வழியே இல்ல. உங்களால மட்டுமில்ல, யாராலயும் முடியாது. தப்பு எங்க மேல. நாங்க சரியாப் பாக்காம வித்துட்டோம். எட்டு வாரமா உங்களை அங்க நிக்க வெச்சதுக்கு மன்னிச்சிருங்க."

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"அப்ப என் மண்டையில ஒண்ணும் கோளாறு இல்லையா?"

"உங்க மண்டை மணியா இருக்குங்க. அந்த நாயைப் பத்தி நீங்க சொல்லலேன்னா எங்களுக்கு இது தெரிஞ்சே இருக்காது."

"என் தம்பி அந்த நாயைத் தாண்டித்தான் போயிருக்கான், பாருங்களேன். ஒரு துண்டு போடலை. அதான் சட்டுன்னு முடிச்சுட்டான்."

"ஆமாங்க."

"இருக்கட்டும், வீட்டுக்கு வரட்டும், வெச்சுக்கறேன்."

அக்கா சிரித்துவிட்டு, திருத்திய ஃபிளாப்பியைப் பற்றிச் சொன்னார். ஆனால் பழைய ஆட்டம் அதில் தொடராது, முதல் மாடியிலிருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டும். எட்டு வாரம் மதியச் சாப்பாட்டை அரைகுறையாக முடித்துவிட்டு ஆடியவரிடம் இதைச் சொல்ல அவருக்கு நாக்கு கூசியது.

"முதல்லேருந்தா!" என்றார் அந்தப் பெண். பெருமூச்சு விட்டார்.

"மேடம், ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வேற துப்பு எதுவும் வேணாம். நாய்க்கு ரொட்டி போடலாமா, கூடாதா?"

"தாராளமா போடுங்க."

"அப்ப முகவரி எழுதிக்கோங்க" என்றார் தையல்காரப் பெண்.